மீட்டர் ஓடிய காலத்து இன்டர்நெட்

நேற்று ஒரு நண்பர் பொருமினார். "நான் பார்க்கிறது நாலு வாட்ஸப் மெசேஜ், மாடி வீட்டுப் பையன் விடிய விடிய வீடியோ பார்க்குறான், ரெண்டு பேருக்கும் ஒரே காசு, கரண்ட் மாதிரி இதுக்கும் மீட்டர் வைக்கணும்."

கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த மீட்டரோடு குடித்தனம் நடத்தியவன் நான்.

2006 வாக்கில் எங்கள் வீட்டில் 256 கேபிபிஎஸ் வேகத்தில் ஒரு இணைப்பு (கம்பெனி பேர் வேண்டாம்). மாதம் 500 ரூபாய்க்கு 1 ஜிபி. முழு வேகத்தில் விட்டால் 9 மணி நேரத்துக்குள் காலி. மிஞ்சினால் எம்பிக்கு ஒரு ரூபாய் சொச்சம். லீவுக்கு வந்த அக்கா பையன் நாலு நாள் கிரிக்கெட் வீடியோ பார்த்தான், பில் 2,000 ரூபாயைத் தாண்டியது. அப்பா ஒன்றும் சொல்லவில்லை, மோடத்தைத் துணி போட்டு மூடி வைத்துவிட்டார்.

ஆனால் அந்தப் பிளானில் ராத்திரி 2 மணியிலிருந்து காலை 8 வரை கணக்கே கிடையாது. அலாரம் வைத்து எழுந்து டவுன்லோடு போட்டுவிட்டுப் படுப்பேன். 700 எம்பி உபுண்டு சிடி (விண்டோஸுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டரில் போடுகிற இலவச சிஸ்டம்), ஆறு மணி நேரத்தில் 690 வரைதான் இறங்கும். எட்டு மணிக்குப் பல் தேய்த்துக்கொண்டே அந்தக் கடைசி 10 எம்பியை முறைத்துக்கொண்டு நிற்பேன்!

இப்போது யோசித்தால் அந்த மொத்தப் பிளானிலும் உருப்படியான கணக்கு அந்த ராத்திரி சலுகை ஒன்றுதான். கரண்டில் பெரும்பாலான யூனிட்டுக்கு எங்கோ நிலக்கரி எரிகிறது, அதனால் மீட்டர் சரி. இணையத்தில் கேபிள் பதித்தாகிவிட்டது, ரூட்டர் எப்படியும் ஓடிக்கொண்டிருக்கிறது, நீங்கள் கூடுதலாக ஒரு ஜிபி இழுத்தால் கம்பெனிக்குச் செலவு ஏறக்குறைய ஒன்றுமில்லை. செலவு எங்கே என்றால் ராத்திரி 9 மணிக்குத் தெருவே ஒன்றாக உட்கார்ந்து படம் பார்க்கும்போது, அந்த நெரிசலைத் தாங்குகிற அளவுக்குக் குழாய் போட்டிருக்க வேண்டுமே, அதில்தான். கல்யாண வீட்டில் முதல் பந்திக்கு எத்தனை இலை போட முடியும் என்பதுதானே மண்டபத்தின் அளவு? நாலாவது பந்தியில் காலியாகக் கிடக்கிற இலையில் யார் உட்கார்ந்தால் என்ன! விடியற்காலை 3 மணிக்கு வீடியோ பார்க்கிற பையன் நாலாவது பந்திக்காரன். அவனால் யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. ஜிபி மீட்டர் அவனிடம்தான் அதிகம் கறக்கும், 9 மணிக்கு நெரிசலைக் கூட்டுகிற நம்மை விட்டுவிடும்.

இன்றைய 'அன்லிமிடெட்'டிலும் பல பிளான்களில் மாதம் 3,300 ஜிபி என்று பொடி எழுத்தில் வரம்பு இருக்கிறது. 100 எம்பிபிஎஸ் வேக லைனை நிறுத்தாமல் ஓட்டினால் மூன்று நாளில் முடியும், ஆனால் எந்தக் குடும்பமும் அப்படி ஓட்டப் போவதில்லை, அதனால் எனக்கு அதில் சண்டை இல்லை.

நண்பர் சொன்னதில் பாதி சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். குறைவாகப் பயன்படுத்துகிறவர் அதிகம் கொடுக்கிறார் என்பது உண்மை. அதற்கு மருந்து மீட்டர் இல்லை, குறைந்த வேகத்தில் ஒரு மலிவான பிளான். அப்போதும் மாதத் தொகை ஒன்றுதான், எண்ண வேண்டியதில்லை. போன வாரம் அம்மா வீட்டுக்கு அப்படி ஒன்று கேட்டேன். அவர் பேரனோடு வீடியோ கால் பேசுவார், சீரியல் பார்ப்பார், அவ்வளவுதான், 10 எம்பிபிஎஸ் தாராளம்.

"அதெல்லாம் இப்ப இல்ல சார், ஆரம்பமே 399, ஜிஎஸ்டி தனி" என்றார் லைன் இழுக்க வந்த தம்பி. அம்மா உள்ளேயிருந்து, "ராத்திரியில போட்டா இலவசமாடா?" என்று கேட்டார்.