பெட்டியில் எல்லாம் இருந்தது, பேட்டரியைத் தவிர

"படத்தில் உள்ள பேட்டரியும் சார்ஜரும் இதில் அடங்காது." இந்த வரியை எங்கே அச்சடித்திருந்தார்கள் தெரியுமா? பெட்டியின் அடிப்பக்கத்தில், பார்கோடுக்குக் கீழே, எறும்பு கண்ணாடி போட்டுப் படிக்கிற அளவில். மேல்பக்கத்தில் என்ன இருந்தது? பெட்டி முழுக்க ரம்பத்தின் படம், அதன் பின்னால் கொழுகொழுவென்று ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரிக்குத் தனியாக வெளிச்சம் வேறு அடித்துப் படம் எடுத்திருந்தார்கள்.

நான் வாங்கியது ஒரு சர்குலர் சா, அதாவது வட்ட பிளேடு சுழன்று அறுக்கும் கை ரம்பம். ஒரு புத்தக அலமாரி செய்வதற்காக. ஒரே ஒரு அலமாரி! அதற்கு எந்த மெஷின் வாங்கலாம் என்று நாலு பேரிடம் கேட்கப் போனதில் மூன்று மாதம் போய்விட்டது. மேசை நடுவே பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் டேபிள் சா இல்லாமல் தச்சு வேலையா என்று மச்சான் சிரித்தான். எட்டடிக்கு நாலடி பிளைவுட்டை ஒற்றை ஆளாக டேபிள் சாவில் தள்ளிப் பார், பலகை ஒரு பக்கம் போகும், நீ ஒரு பக்கம் போவாய். சர்குலர் சாவும் நேரான ஒரு சட்டமும் இரண்டு கிளாம்ப்பும் போதும் என்றார் இன்னொருவர். அதில் நியாயம் இருந்தது. உளி தீட்டத் தெரியாதவன் மெஷினைத் தொடவே கூடாது என்றார் மூன்றாமவர். பலகையைச் சீவி ஒரே கனமாக்கும் திக்னஸ் பிளேனர் வாங்கினால் வளைந்த பலகையெல்லாம் நிமிர்ந்துவிடும் என்று சத்தியம் செய்தார் நான்காமவர். நிமிராது. உருளைகள் அழுத்திப் பிடித்திருக்கும் வரைக்கும்தான் பலகை நல்ல பிள்ளை. வெளியே வந்ததும் பழையபடி வளைந்து நிற்கும். வளைந்த பலகை போய், மெலிந்து வளைந்த பலகை வரும்.

சரி, சர்குலர் சா என்று முடிவாயிற்று. வயர் வைத்ததா, பேட்டரியா? இங்கேதான் என் புத்தி வேலை செய்தது. என்னிடம் ஏற்கெனவே ஒரு பேட்டரி டிரில் இருக்கிறது. அதில் 18 வோல்ட் என்று போட்டிருக்கும். இந்த ரம்பத்தில் 20 வோல்ட் மேக்ஸ். பார்த்தால் வேறு வேறு. உள்ளே அதே ஐந்து லித்தியம் செல்தான். செல்லுக்கு 3.6 வோல்ட் என்று கணக்குப் போட்டால் 18. முழுச் சார்ஜில் அதே செல் 4.2 வோல்ட் காட்டும், ஐந்துக்கும் 21 வரும். அதில் கொஞ்சம் குறைத்து 20 மேக்ஸ் என்று எழுதிவிடுகிறார்கள். செருப்போடு அளந்த உயரம், செருப்பில்லாமல் அளந்த உயரம், அவ்வளவுதான். ஆகவே இதுவும் அதுவும் ஒன்று, ஆகவே டிரில் பேட்டரியே போதும் என்று முடிவு கட்டினேன். ஒன்றுமே தெரியாதவன் இதில் மாட்டமாட்டான். அரைகுறையாகத் தெரிந்தவனுக்குத்தான் ஆப்பு.

பெட்டியைப் பிரித்தேன். ரம்பம். ஓர் ஆலன் கீ. பக்கவாட்டில் மாட்டும் கைடு. ஏகப்பட்ட மொழிகளில் ஒரு கையேடு. பிளேடு சுற்றும்போது கையை வைக்காதே என்று எல்லா மொழியிலும் அன்போடு சொல்லியிருந்தார்கள். ரம்பத்தைத் திருப்பினால் பேட்டரி இருக்கவேண்டிய இடத்தில் பொக்கை வாய். பரவாயில்லை, நம்மிடம்தான் இருக்கிறதே! டிரில்லிலிருந்து பேட்டரியைக் கழற்றி வந்து, பள்ளத்தில் வைத்துத் தள்ளினேன். வெண்ணெய் மாதிரி வழுக்கிக்கொண்டு போனது. பாதி போனது. முக்கால்வாசி போனது. டக்.

வெளியே எடுத்து ஊதினேன். ஊதினால் என்ன ஆகும் என்று கேட்காதீர்கள், நீங்களும் ஊதியிருப்பீர்கள். தள்ளினேன். டக். கொஞ்சம் சாய்த்துத் தள்ளினேன். டக். மூச்சைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, அது பாராத நேரத்தில் தள்ளுகிறவன் மாதிரி தள்ளினேன். டக். உள்ளங்கையால் ஓங்கி ஒரு தட்டு. டக், கூடவே கைவலி. டார்ச் அடித்துப் பார்த்தேன். ரம்பத்தின் வாய்க்குள், வலது ஓரத்தில், தீக்குச்சி கனத்துக்கு ஒரு பிளாஸ்டிக் வரப்பு. என் பேட்டரியிலும் அதற்குத் தோதாக ஒரு பள்ளம் இருக்கிறது. இடது ஓரத்தில்.

யாரோ ஒருவர் சம்பளம் வாங்கிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, அந்த வரப்பை வரைந்திருக்கிறார். அதனால் ரம்பம் வேகமாக ஓடப் போவதில்லை, மரம் நேராக அறுபடப் போவதில்லை. அடுத்த வீட்டுப் பேட்டரி, அதாவது வேறு கம்பெனிப் பேட்டரி, இங்கே வரக்கூடாது. அந்த வரப்புக்கு வேறு வேலை எனக்குத் தெரியவில்லை.

உளியை எடுத்தேன். ஆமாம், சீவிவிடலாம் என்றுதான். நுனியை வரப்பின் மேல் வைத்தும்விட்டேன். அப்புறம்தான் உள்ளே இருந்த தகடுகளை எண்ணினேன். பிளஸ், மைனஸ் தவிர, பேட்டரி சூடாகிறதா என்று மெஷினுக்குச் சொல்ல வேறு சில தகடுகளும் உண்டு. இதில் நான்கு, அதில் ஐந்து, வரிசையும் வேறு. லித்தியத்தோடு மல்லுக்கட்டினால் அலமாரி வைக்க வீடு மிஞ்சாது. உளியைக் கீழே வைத்துவிட்டு, விற்ற இடத்துக்குப் போன் போட்டேன்.

"சார், அது 'பேர் டூல்' (bare tool) சார்."

"அப்படியென்றால்?"

"பேட்டரி இல்லாமல் வரும் சார்."

"படத்தில் இருக்கிறதே?"

"அது படம் சார்."

இதற்கு என்ன பதில் சொல்வது? "பேட்டரியும் சார்ஜரும் எவ்வளவு?" என்றேன். சொன்னார். ரம்பத்தைவிட அதிகம். அதுவும் எவ்வளவு சார்ஜ் பிடிக்கும் என்ற கணக்கில் 2 ஆம்பியர்-அவர் போதாதாம், பிளைவுட் அறுக்க 5 வேண்டுமாம். இதுதான் எரிகிறது: நான் ரம்பம் வாங்கவில்லை, ஒரு பேட்டரிக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறேன். இனிமேல் சாண்டரா, ஜிக்சாவா, ரவுட்டரா, எது வாங்கினாலும் இந்தக் குடும்பத்திலேயேதான் வாங்க வேண்டும். எந்த மெஷின் நல்லது என்று மூன்று மாதம் விசாரித்தேனே, நாலு பேரில் ஒருவராவது 'முதலில் பேட்டரியைப் பார்' என்று சொன்னார்களா? வயர் வைத்த ரம்பம் வாங்கியிருந்தால் செருகி, அறுத்து, அலமாரிக்கு வார்னிஷே அடித்திருப்பேன்.

தூசி உறிஞ்சும் மெஷின் கதையைச் சொன்னால் இன்னும் ரத்தம் கொதிக்கும். மேலே 5.5 ஹெச்பி என்று ஸ்டிக்கர். அடியில் இருக்கும் தகட்டில் 1,200 வாட். ஒரு ஹெச்பி 746 வாட் என்று பள்ளியில் படித்தவன் நான். வகுத்தால் 1.6 வருகிறது. மீதிக் குதிரைகள் எங்கே மேயப் போயின? அதன் குழாயாவது ரம்பத்தின் தூசி வாயில் பொருந்துமா என்று வைத்துப் பார்த்தேன். உள்ளேயும் நுழையவில்லை, வெளியேயும் மாட்டவில்லை. சிரித்துவிட்டேன். சத்தியமாகச் சிரிப்புதான் வந்தது, மேசைக்கடியில் உட்கார்ந்துகொண்டு.

பேட்டரிக்கு ஆர்டர் போட்டாயிற்று. அது வரும்வரை சும்மா இருப்பானேன், சட்டத்தில் ஓட்டையாவது போட்டு வைப்போம் என்று டிரில்லை எடுத்தேன். பிட் பெட்டியைத் திறந்தால் 3 இருக்கிறது, 4 இருக்கிறது, 6 இருக்கிறது, 8 இருக்கிறது, இதுவரை ஒருமுறைகூடத் தேவைப்படாத 9 புத்தம் புதுசாக மினுங்குகிறது. 5 மில்லிமீட்டர் குழி மட்டும் காலி. மச்சான், போன மாதம் கர்ட்டன் மாட்ட எடுத்துக்கொண்டு போனாயே, அது எங்கே?