'20 பிஎஸ்ஐ பூஸ்ட் எல்லா டர்போ காருக்கும் தாங்கும்' என்பது உண்மையா?

'பங்க் பெட்ரோலிலேயே எந்த டர்போ காருக்கும் 20 பிஎஸ்ஐ வரை பூஸ்ட் ஏத்தலாம், ஒன்னும் ஆகாது' என்று வேலூர் கார் பிரியர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. பூஸ்ட் என்பது, காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போ தரும் கூடுதல் காற்றழுத்தம்; பிஎஸ்ஐ அந்த அழுத்தத்தை அளக்கும் அலகு. எல்லா காருக்கும் பொருந்துகிற ஒரே எண் கிடையாது.

சில கார்கள் கம்பெனியிலிருந்தே அந்த அளவில் ஓடுகின்றன, மறுக்கவில்லை. அவற்றின் பிஸ்டன், இன்டர்கூலர் (டர்போவிலிருந்து வரும் சூடான காற்றைக் குளிர்விப்பது), இசியு (இன்ஜினை இயக்கும் கணினி) எல்லாம் அதற்கென்றே வடிவமைக்கப்பட்டவை. கம்ப்ரஷன் விகிதம் (சிலிண்டருக்குள் கலவை எத்தனை மடங்கு சுருக்கப்படுகிறது என்பது) 10.5 உள்ள சின்ன இன்ஜினில் அதே எண்ணைத் திணித்தால் கதை வேறு.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுங்கள். கத்திரியில் 40 டிகிரி காற்றை 20 பிஎஸ்ஐ-க்கு அழுத்தினால், டர்போவை விட்டு வெளியே வரும்போதே 120 டிகிரியைத் தாண்டிவிடும். காட்பாடி நெரிசலில் ஊர்ந்துகொண்டிருந்தால் இன்டர்கூலரும் சூடேறிக் கிடக்கும். அந்தச் சூட்டில், ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மீதிப் பெட்ரோல் கலவை தானாக வெடிக்கும், அதுதான் நாக்கிங். தகர டப்பாவில் கூழாங்கல் குலுங்குவது மாதிரி சத்தம் கேட்கும். முதலில் இசியு இக்னிஷனை, அதாவது பொறி விடும் நேரத்தை, தள்ளிப்போட்டுச் சமாளிக்கும், பவர் குறையும். மீறினால் பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பே உடையும்.

நாக்கிங்கை அதிகம் தாங்கும் 100 ஆக்டேன் பெட்ரோலை ஊற்றினால்? நாக்கிங்குக்குக் கொஞ்சம் இடம் கிடைக்கும், அவ்வளவுதான். அதிக பூஸ்டுக்கு ஈடாகப் பெட்ரோல் பாயாவிட்டால் ஆக்டேன் காப்பாற்றாது. பூஸ்ட் கூட்டியே ஆகவேண்டும் என்றால், நாக் அளவையும் உள்ளே போகும் காற்றின் சூட்டையும் பதிவுசெய்து பார்த்து ட்யூன் செய்பவரிடம் போங்கள்.