கள்ளபிரான்னா சிரிப்பா வருதோ?

கள்ளபிரான்ங்கிற பையன் கோப்பை வாங்கின அந்தப் பரிசளிப்பு விழா வீடியோவை எல்லாரும் பார்த்திருப்பீங்க. பேர் வாசிச்சவர் "கள்ள..."ன்னு நிறுத்தி, "நோட்டா, பணமா?"ன்னு கேட்டார். மண்டபமே சிரிச்சுது. பையன் கோப்பையை வாங்கிட்டுப் படியை மட்டும் பார்த்து இறங்கினான். "தமாசுக்குச் சொன்னது, விடுங்க அண்ணாச்சி"ன்னு ஆளாளுக்கு எனக்குச் சமாதானம் சொல்லுதாங்க.

என்னத்த விட? அது சாமி பேருவே.

தாமிரபரணிக் கரையில ஸ்ரீவைகுண்டம் பெருமாள் கோயில்ல நின்ன கோலத்துல இருக்கிற மூலவர் வைகுண்டநாதன். வீதிக்கு எழுந்தருளுற உற்சவர் கள்ளபிரான். தலபுராணத்துல காலதூஷகன்னு ஒரு திருடன் வாரான். களவுக்குப் போகுமுன்ன பெருமாளைக் கும்பிடுவான், கிடைச்சதுல பாதியைக் கோயிலுக்குக் கொடுத்துருவான். அரண்மனையிலயே கை வச்சப்போ கூட்டாளிங்க மாட்டிக்கிட்டாங்க. இவன் பெருமாள் காலைப் பிடிக்க, பெருமாளே திருடன் உருவத்துல ராஜா முன்னால போய் நின்னு, தர்மம் பண்ணாத சொத்து இப்படித்தான் போகும்னு புத்தி சொன்னாராம். திருடனுக்காகத் திருடனாவே போய் நின்ன சாமி. அந்தப் பேரைத்தான் பேரனுக்கு வைக்காங்க. இதுல எங்க சிரிக்கணும்னு யாராவது சொன்னா நல்லாருக்கும்.

"வேற நல்ல பேரே கிடைக்கலியா?"ன்னு ஒருத்தர். சம்பந்தர் தன் முதல் பதிகத்துலயே சிவனை 'உள்ளங்கவர் கள்வன்'னு பாடுதார். அதைக் கேட்டா கன்னத்துல போட்டுக்கிடுவீங்க. வெண்ணெய் திருடின கண்ணன் படத்தைக் கூடத்துல மாட்டுவீங்க. பள்ளிக்கூடத்துப் பிள்ளைன்னா மட்டும் இளக்காரம்.

"சாதிப் பேரோ?" இல்லை.

"இருந்தாலும் சர்டிபிகேட்டுல எல்லாம் தொந்தரவுதானே?" இது நியாயமான கேள்வி. தொந்தரவு உண்டு. ஆனா அது பேரால இல்ல, எழுதுறவங்களால. தமிழ்ல ஒருத்தர் நடுவுல 'ப்' போட்டுக் 'கள்ளப்பிரான்'னு எழுதுவார், இன்னொருத்தர் போடமாட்டார். இங்கிலீஷ்ல ஒரு 'எல்' குறைஞ்சா 'கலபிரான்' ஆயிரும். ஆதார்ல இடைவெளி விட்டுட்டா 'கள்ள' தனி, 'பிரான்' தனி. விண்ணப்பத்துல முதல் பேர் 'கள்ள'ன்னு வந்து நிக்கும். அதனால இந்தப் பேர் வைக்கிறவங்க பிறப்புச் சான்றிதழ்லயே தமிழ், இங்கிலீஷ் ரெண்டையும் சரிபார்க்கணும். இங்கிலீஷ்ல ரெண்டு 'எல்', ஒரே சொல், நடுவுல இடைவெளி கிடையாது. பேர் இல்லாம பிறப்பைப் பதிஞ்சிருந்தா 12 மாசத்துக்குள்ள கட்டணம் இல்லாமச் சேர்க்கலாம்; அதுக்கப்புறம் 15 வருஷம் வரைக்கும் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம். பான் கார்டு, பாஸ்போர்ட்டுல இனிஷியல் செல்லாது, அப்பா பேரை விரிச்சுத்தான் எழுதணும். அப்பா பேர் மகரநெடுங்குழைக்காதன்னா கட்டம் பத்துமாங்கிறது தனிக் கவலை.

ஆமா, அதுவும் பேர்தான். தென்திருப்பேரைப் பெருமாள். திருக்கோளூர்ல வைத்தமாநிதி, பெருங்குளத்துல மாயக்கூத்தன், திருப்புளியங்குடியில காய்சினவேந்தன், ஆழ்வார்திருநகரியில பொலிந்துநின்றபிரான். தாமிரபரணிக் கரையில ஊருக்கு ஒரு பேர், ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இல்ல. 1986ல தூத்துக்குடி மாவட்டம்னு பிரிச்சாங்க. பேரெல்லாம் இன்னைக்கும் திருநெல்வேலிச் சீமைப் பேர்தான். நாங்குநேரி வானமாமலைப் பெருமாள் பேரை வச்சவரைப் பேராசிரியர் நா. வானமாமலைன்னு மரியாதையாச் சொல்லுதோம்ல? பக்கத்து ஊர்ச் சாமி பேருக்கு மட்டும் என்னவாம்?

இந்தப் பேர் அருகிப்போனதுக்கு வெளியாள் மட்டும் காரணமில்ல. தாத்தா பேரைப் பேரனுக்கு வைக்கிறது வழக்கம். ஆனா மாமனார் பேரை மருமகள் வாயால சொல்லமாட்டா. அதனால வீட்டுல 'ராசா', 'வைகுண்டம்', 'பெரியவன்'னு ஏதாவது கூப்பாடு. 'கள்ளபிரான்' ரேஷன் கார்டுல மட்டும் இருக்கும். வாசல்ல நின்னு யாரும் சத்தமாக் கூப்பிடாத பேர் அடுத்த தெருக்காரனுக்கு எப்படிப் பழகும்? இப்ப அந்தத் தாத்தாமாரும் இல்ல. எண் சோசியர் 'ஷ்'ல முடியணும்ங்கார், முடிக்காங்க. ஒரே வகுப்புல ஆறு ரித்தீஷ். அதுக்கு யாரும் சிரிக்கக் காணோம்.

இதுல சொந்தக்காரங்களே அந்தப் பையன் வீட்டுல போய், "கெசட்டுல பேரை மாத்திருங்க"ன்னு சொல்லிட்டு வந்திருக்காங்க. மாத்துறதுன்னா சும்மாவா? கெசட் அறிவிப்பு வரணும். ஆதார்ல பேர்த் திருத்தம் ஆயுசுக்கே ரெண்டு தடவைதான், அதுல ஒண்ணு போச்சு. அப்புறம் பேங்கு பாஸ்புக், பள்ளிக்கூடப் பதிவேடு, பின்னால பாஸ்போர்ட்டு, எங்க போனாலும் கெசட் நகலைத் தூக்கிட்டு அலையணும். எல்லா அலைச்சலும் கோப்பை வாங்கின பிள்ளைக்கு. சிரிப்பு மூட்டினவர் ஒரு தாளைக்கூடத் திருத்தவேண்டாம்; வருத்தம் சொல்லச் சொன்னதுக்கு, "ஒரு ப்ளோவுல வந்துட்டு"ன்னாராம்.