படிகக் கழுத்தும் ஐந்து அடியும்

ஸ்பானியக் கவிஞர் லூயிஸ் தெ கோங்கோரா 1582-இல் எழுதிய ஒரு சானெட்டிலேயே (பதினான்கு வரிக் கவிதை) நாலு நாளாகச் சுற்றிக்கொண்டிருக்கிறேன். எழுதும்போது அவருக்கு இருபது, இருபத்தொரு வயதுதான்.

விஷயம் பழையதுதான். இளமை இருக்கும்போதே அனுபவித்துக்கொள் பெண்ணே என்கிறார். ஆனால் சொல்கிற விதத்தைப் பாருங்கள். கூந்தலோடு போட்டி போட்டு வெயிலில் மின்னும் பொன் தோற்கிறது. நெற்றி லில்லிப் பூவை ஏளனமாகப் பார்க்கிறது. கழுத்து படிகத்தை ஜெயிக்கிறது. காதல் கவிதையா, மல்யுத்தக் களமா? அப்புறம் கழுத்து, கூந்தல், உதடு, நெற்றி என்று வரிசையாக ஒரு பட்டியல், அடகுக்கடை ரசீது மாதிரி. அதில் அவளுடைய கண்கள் இல்லை. கவிதையில் வரும் கண்கள் எல்லாம் அவள் உதட்டை மொய்க்கும் ஊரார் கண்கள்!

கடைசி வரியில் அவளும் அந்த அழகும் சேர்ந்தே போகிறார்கள்: மண்ணாக, புகையாக, தூசியாக, நிழலாக, ஒன்றுமில்லாமல். ஸ்பானிய மொழியில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னாலும் ஒரு 'என்' (en, இங்கே 'ஆக' என்று பொருள்) விழுகிறது. அடிமேல் அடியாக ஐந்து அடி.

இதை அக்கறையான அறிவுரை என்பவர்கள் உண்டு. எனக்கு இது மிரட்டலாகத்தான் கேட்கிறது. பரோக் என்ற ஆடம்பரமான ஐரோப்பியப் பாணியில் எழுதிய இந்தக் கவிஞர்களின் அலங்காரம் வெறும் ஜரிகை வேலை, வன்முறை வேறு எங்கிருந்தோ வருகிறது என்பதையும் நான் ஏற்கவில்லை. கழுத்தைப் படிகம் என்று சொன்ன அந்த நொடியே அது உடைகிற பொருளாகிவிட்டது.

இன்னொரு ஸ்பானியக் கவிஞர் கெவேதோ கொஞ்சம் வேறு ரகம். தன் கவிதைக் காதலி லிசியின் கூந்தலைப் பொன் அலை புரளும் புயல்கடலாக்கி, அதில் தன் இதயத்தையே நீந்தவிடுகிறார். கிரேக்கக் கதைகளில் காதலியைத் தேடி நீந்தி மூழ்கிய லியாந்தர், சூரியனை நெருங்கிச் சிறகு எரிந்த இகாரஸ் எல்லாம் அவரே. அடி அவருக்குத்தான். அதில் அவருக்கு ஒரு சுகமும் இருக்கிறது என்பது என் சந்தேகம்.

சரி, சோர் ஹுவானாவுக்கு வருகிறேன். மெக்சிகோவின் கன்னியாஸ்திரி, கவிஞர். 1689-இல் மத்ரீதில் அச்சான அவருடைய தொகுப்பில் தன் ஓவியத்தைத் தானே பார்க்கும் ஒரு சானெட் உண்டு. வண்ணம் பூசிய ஏமாற்று என்று அந்தப் படத்தைத் திட்டிக்கொண்டே வந்து, கோங்கோராவின் கடைசி வரியை எடுத்துத் திருத்துகிறார்: பிணம், தூசி, நிழல், ஒன்றுமில்லை. 'என்' போய் 'எஸ்' (es, அதாவது 'இருக்கிறது') வந்துவிட்டது. 'ஆகப்போகிறாய்' என்று அவர் யாரையும் பயமுறுத்தவில்லை. அந்தப் படம் இப்போதே அதுதான் என்கிறார்.