சுண்ணாம்பு டப்பாவைத் தேடிய அந்த ஒரு நிமிடம்

போன வாரம் அம்மாவை மலைத்தேனீ கொட்டிவிட்டது. இடது புருவத்துக்கு மேல் ஒன்று, மேலுதட்டில் ஒன்று, மணிக்கட்டில் ஒன்று. எங்கள் தெருமுனைத் தண்ணீர்த் தொட்டிக்கு அடியில் முறம் அகலத்துக்கு ஒரு கூடு தொங்குகிறது. பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் அதன்மேல் கல்லை விட்டான். கீழே குழாயடியில் குடத்தோடு நின்றவள் அம்மா.

சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்க்கிறேன். அம்மாவைக் கூட்டுக்கு இருபது அடி தள்ளி ஒரு கல்லில் உட்கார வைத்திருக்கிறார்கள். சுற்றி ஏழெட்டுப் பேர். எதிர்வீட்டு அத்தை கையில் சுண்ணாம்பு டப்பா. இன்னொருவர் வெங்காயத்தை நசுக்குகிறார். பெரியப்பா ஒருவர் இரும்புச் சாவியை வைத்துப் புருவத்தில் தேய்க்கிறார், விஷம் இறங்குமாம். அத்தனை பேரில் ஒருவருக்குக்கூடக் கொடுக்கைப் பிடுங்கத் தோன்றவில்லை. ஒருவருக்குக்கூட!

உதட்டில் அப்பியிருந்த சுண்ணாம்பைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். கறுப்பாக ஒரு முள், நுனி மட்டும் உள்ளே. அதன் தலையில் கடுகில் பாதி அளவுக்கு வெள்ளையாக ஒரு பை. தேனீயின் கொடுக்கில் பின்னோக்கிய சிறு முட்கள் இருக்கும், தோலில் மாட்டினால் திரும்ப வராது. தேனீ பறக்கும்போது விஷப்பையோடு பிய்ந்து நம் மேலேயே நின்றுவிடும். தேனீ செத்தாலும் அந்தப் பை தானாகவே சுருங்கிச் சுருங்கி விஷத்தை உள்ளே தள்ளிக்கொண்டே இருக்கும். பெரும்பகுதி இருபது வினாடிக்குள் இறங்கிவிடும், ஒரு நிமிடத்தில் எல்லாமே முடிந்துவிடும். அந்த ஒரு நிமிடத்தில்தான் அத்தை வீட்டுக்கு ஓடி வெற்றிலைப் பெட்டியைக் குடைந்து டப்பாவை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறார். கொட்டிய உடனே நகத்தால் ஒரு கீறு கீறியிருந்தால் போதும், அம்மாவுக்கு இவ்வளவு விஷம் ஏறியிருக்காது.

நான் விரலால் பிடுங்கப் போனபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "கிள்ளாதே, பை அமுங்கிடும், ஏடிஎம் கார்டு வச்சுச் சுரண்டு." எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. இதையெல்லாம் 1996லேயே தங்கள் மேலேயே கொட்டவிட்டுச் சோதித்துப் பார்த்து லான்செட் மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். கிள்ளி எடுத்தாலும் சுரண்டி எடுத்தாலும் வித்தியாசமில்லை, எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோம் என்பதுதான் கணக்கு. கார்டைத் தேடும் நேரமும் விஷம் இறங்கும் நேரம்தான். (கதண்டு, குளவி என்றால் பிடுங்க ஒன்றுமே இருக்காது. அவை கொடுக்கை விட்டுப் போவதில்லை, ஒன்றே பலமுறை கொட்டும்.)

அதைவிடக் கொடுமை, கூட்டுக்குப் பக்கத்திலேயே உட்கார வைத்தது. கொட்டிய இடத்திலிருந்து பழுத்த வாழைப்பழம் மாதிரி ஒரு வாசனை கிளம்பும். அது மற்ற தேனீக்களுக்கு 'இங்கே வா' என்கிற அழைப்பு. முதலில் செய்ய வேண்டியது ஆளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துவது. இவர்கள் துண்டை வீசி விரட்டிக்கொண்டு நின்றார்கள், மணிக்கட்டில் மூன்றாவது கொட்டு விழுந்தது அப்போதுதான்.

சரி, சுண்ணாம்புக்கு வருகிறேன். "விஷம் அமிலம், சுண்ணாம்பு காரம், ரெண்டும் சேர்ந்தா முறிஞ்சிடும்" என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தேனீ விஷத்தில் தண்ணீர் போக மிஞ்சுவதில் ஏறக்குறைய பாதி மெலிட்டின் என்கிற ஒரு பொருள், அது அமிலமே இல்லை. அது இறங்குவது தோலுக்கு உள்ளே, நீங்கள் அப்புவது தோலுக்கு வெளியே. உள்ளே போனதை வெளியே பூசியது எப்படி முறிக்கும்? உதட்டுத் தோல் வெந்ததுதான் மிச்சம். சோப்புப் போட்டுக் கழுவி, ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் வலி குறையும். அதற்கு யாருக்கும் பொறுமை கிடையாது.

அன்று சாயங்காலம் போனில் ஒரு சொந்தக்காரர், "தேனீ கொட்டினா நல்லதும்மா, மூட்டுவாதம் போயிடும்" என்றார். முகம் பூசணிக்காய் மாதிரி வீங்கி, இடது கண் திறக்க முடியாமல், கஞ்சியைக்கூட உறிஞ்ச முடியாமல் இருக்கிறவளிடம் சொல்கிற பேச்சா இது? 2014இல் மைக்கேல் ஸ்மித் என்ற அமெரிக்க ஆராய்ச்சி மாணவர் தன் உடம்பில் 25 இடங்களில் தேனீயைக் கொட்டவிட்டு வலிக்கு மதிப்பெண் போட்டார். மூக்குத் துவாரம் முதலிடம், அதற்கு அடுத்தது மேலுதடு, பத்துக்கு 8.7. அம்மாவுக்குக் கொட்டியது அந்த மேலுதட்டில்தான்.

சிகிச்சைக்குப் போன இடத்திலும் முதல் கேள்வி, "தேனீ கடிக்கெல்லாமா வந்தீங்க?" ஆமாம், வந்தோம். ஒரே ஒரு கொட்டில் உயிர் போனவர்கள் இருக்கிறார்கள். ஒவ்வாமை இருக்கிற உடம்பு என்றால் சில நிமிடங்களிலேயே உடம்பெல்லாம் தடித்து, தொண்டை அடைத்து, மூச்சு வாங்கி, வாந்தி வந்து மயங்கிவிடும். அப்படி ஆனால் தொடைத் தசையில் உடனே அட்ரினலின் ஊசி போட வேண்டும். அரிப்பு, தடிப்புக்குப் போடுகிற அவில் ஊசியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தால் அது காப்பாற்றாது. அம்மாவுக்கு அந்த அளவுக்குப் போகவில்லை. ஆனால் போகவில்லை என்பது கேட்டுத் தெரிந்துகொண்டதா? "மூச்சு முட்டுதா, தொண்டை அடைக்குதா" என்று அம்மாவிடம் ஒருவரும் கேட்கவில்லை. குழாயடியிலும் கேட்கவில்லை, அங்கேயும் கேட்கவில்லை. வலிக்கிறவளைத் தவிர மற்ற எல்லோரும் பேசினார்கள்.

எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது இதுதான். அம்மாவும் அதே பாட்டைப் பாடுகிறாள்: "ஒண்ணுமில்லடி, லேசான எரிச்சல்தான்." பல்லைக் கடித்துக்கொண்டு சொல்கிறாள், கண்ணில் தண்ணீர் கொட்டுகிறது. ஆறு வருடமாக முழங்கால் வலிக்கும் இதே வார்த்தைதான். மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இறங்குவாள், கேட்டால் ஒண்ணுமில்லை. அவள் அம்மா அவளிடம், "பிள்ளை பெத்தவளுக்கு இதெல்லாம் ஒரு வலியா" என்று சொன்னாளாம். எனக்குப் பதினான்கு வயதில் மாதவிலக்கு வலியில் சுருண்டு கிடந்தபோது என்னிடம் சொல்லப்பட்டது, "பொம்பளைன்னா பொறுத்துக்கணும்." வலிக்கு மாத்திரை கேட்டால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்று பயமுறுத்தினார்கள். தம்பி பல்வலியில் அழுதால், "ஆம்பளைப் பிள்ளை அழலாமா?" தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்று பழமொழி வைத்திருக்கிற ஊர் இது! பழமொழியை வாயில் வைத்துக்கொண்டே அடுத்தவர் வலியை ஒன்றுமில்லை என்று சொல்கிறோம். எங்கே வலிக்குது, எப்படி வலிக்குது, எப்போதிலிருந்து வலிக்குது என்று மூன்று கேள்வி கேட்க நம் வாய்க்கு என்ன கேடு?

கூட்டை அப்புறப்படுத்தச் சொல்லி மனு கொடுத்து ஐந்து நாள் ஆகிறது. கூடு அங்கேயேதான் இருக்கிறது, குழாயும் அங்கேயேதான் இருக்கிறது. இப்போது விடியும் முன் நான்தான் தண்ணீர் பிடித்து வருகிறேன்.

நேற்று அத்தை வந்து அம்மாவைப் பார்த்தார். வீக்கம் வடிந்திருந்தது. "பார்த்தியா, அன்னிக்கு நான் சுண்ணாம்பு வச்சதுனாலதான் சீக்கிரம் வடிஞ்சிடுச்சு" என்றார். கொட்டிய மூன்று இடமும் இன்று அடையாளம் தெரியவில்லை. மேலுதட்டில் சுண்ணாம்பு வெந்த தோல் மட்டும் இன்னும் உரிந்துகொண்டிருக்கிறது. அம்மா அதைக் கையால் மறைத்துக்கொண்டு, "ஆமாங்க அண்ணி" என்றாள்.