200 குதிரைத்திறன் இருந்தால் ஸ்போர்ட்ஸ் காரா?

“200 குதிரைத்திறனைத் தாண்டினால் ஆர்சியிலேயே (வாகனப் பதிவுச் சான்றிதழ்) ஸ்போர்ட்ஸ் கார் என்று பதிவாகும்” என்று சென்னை வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. 1988 மோட்டார் வாகனச் சட்டத்தில் அப்படியொரு வகையே கிடையாது. அண்ணா நகரில் பதிந்தாலும் திருவான்மியூரில் பதிந்தாலும் அது இலகுரக மோட்டார் வாகனம்தான்.

சரி, அப்புறம் எதை வைத்துச் சொல்வது? ஓட்டுவதற்காகவே உருவாக்கப்பட்டதா என்பதை வைத்துத்தான். 1989-இல் வந்த மாஸ்டா மியாட்டாவில் 1.6 லிட்டர் இன்ஜின், சுமார் 115 குதிரைத்திறன் மட்டுமே. ஆனால் எடை ஒரு டன்னுக்கும் குறைவு, இரண்டே இருக்கை, பின்சக்கர இயக்கம், தரையை ஒட்டிய உடல். ஸ்டியரிங்கைத் திருப்பியதும் வண்டி தயங்காமல் வளையும். ஸ்போர்ட்ஸ் கார் என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது அதுதான். ஈசிஆரில் 300 குதிரைத்திறனோடு சீறும் இரண்டு டன் எஸ்யூவி வேகமான வண்டி, அவ்வளவே.