நோட்டு அச்சடித்த இடத்தில் வனத்துறை

பழைய தொழிற்கூடங்களை அரசு அலுவலகமாக மாற்றினால் இருட்டறையில் உட்கார்ந்து கோப்பு பார்க்க வேண்டியதுதான் என்று கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். வாஷிங்டனில் 14வது தெருவில் செங்கல் கோபுரத்தோடு நிற்கும் அமெரிக்க வனத்துறைத் தலைமையகத்தைக் கொஞ்சம் பாருங்கள். 1880இல் அது டாலர் நோட்டு அச்சடிக்கவென்றே கட்டி முடித்த கட்டடம். எஃகுத் தகட்டில் மையைப் பூசி, துணியால் துடைத்து, அப்புறம் உள்ளங்கையாலும் வழித்துவிட்டு, உதவிக்கு நிற்கும் பெண் ஈரத்தாளை மேலே விரித்ததும் அச்சுக்காரர் அழுத்துசக்கரத்தைக் கையால் இழுத்து ஒவ்வொரு தாளாக எடுத்த காலம் அது. மயிரிழைக் கோடு பிசகினாலும் கண்ணில் பட வேண்டும், அதற்கு வெளிச்சம் இல்லாமல் எப்படி? அந்தப் பெரிய ஜன்னல்கள்தான் இன்றைக்கு மேஜை போட்டு உட்காருபவர்களுக்கும் உதவுகின்றன.

1914இல் அச்சகம் பக்கத்திலேயே புதுக் கட்டடத்துக்குப் போய்விட்டது. பிறகு கருவூலத் தணிக்கையாளர்கள் வந்தார்கள், 1990இல் வனத்துறை வந்தது. எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்: பூட்டிப் போட்டுப் பாழாக விடாமல் யாரையாவது குடிவைத்துக்கொண்டே இருந்தார்கள்.

எல்லாம் தப்பிவிடவில்லை, சரி. பக்கத்தில் ஹோலோகாஸ்ட் (நாஜிகள் நடத்திய யூத இனப்படுகொலை) நினைவு அருங்காட்சியகம் கட்ட இதன் இணைப்புக் கட்டடங்களை இடித்தார்கள். மாற்றியமைக்கச் செலவு அதிகம் என்று நீங்கள் சொல்வதும் நியாயம்தான், நூறு வருஷச் சுவருக்குள் ஏசி குழாயும் கேபிளும் இழுப்பது லேசான வேலையில்லை. ஆனால் வெளிச்சத்தை மட்டும் குறை சொல்லாதீர்கள்.